இனிக்கும் உள்ளங்கை

பாட்டில் கழுவுகிறவளின் வலது உள்ளங்கை ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இனித்தது. அவள் தொட்ட உப்புகூட இனித்தது. "என்னடி, சர்க்கரை ஆலைக்கு மாறிட்டியா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அவள் வேலை பார்த்தது செரின் என்னும் இனிப்பான அமினோ அமிலம் செய்யும் தொழிற்சாலையில். அங்கே பாக்டீரியாக்களுக்குள் மூன்று நொதிகள், ஒரு வீட்டுப் பிள்ளைகள் போல, ஒன்று முடித்ததை அடுத்தது வாங்கி செரினை உண்டாக்கின. எல்லோர் உடம்பிலும் நடக்கிற வேலைதான். அவளுடைய நான்கு வயது மகள் உடம்பில் மட்டும் பிறவியிலிருந்தே நடக்கவில்லை. தொழிற்சாலைப் பொடியைக் கரைத்துக் கொடுத்தால் பிள்ளை விளையாடும், தவறினால் வலிப்பு. அந்த மாதம் வைரஸ் புகுந்து தொட்டிகளில் இருந்த பாக்டீரியாக்கள் எல்லாம் செத்தன. பொடி எங்கும் கிடைக்கவில்லை. முழுக் கரண்டியை அரையாக்கினாள், அரையைக் காலாக்கினாள். திங்கட்கிழமை காலி டப்பாவை அலசி, அந்தத் தண்ணீரையும் புகட்டிவிட்டுக் கடவுளிடம் அழுதாள்.

மறுநாள் அவள் மாவு பிசைந்த விரலை மகள் சப்பினாள். அன்று வலிப்பு வரவில்லை.

தொழிற்சாலை ஆய்வுக்கூடத்து அம்மா வந்து உள்ளங்கையைச் சுரண்டிச் சோதித்தார். தொட்டிகளில் செத்துப்போன அதே பாக்டீரியாக்கள் அங்கே உயிரோடு குடியிருந்தன, மூன்று நொதிகளும் வரிசை மாறாமல். பாக்டீரியா வளர்த்த பாட்டிலில் மிஞ்சியதை, கழுவும் முன் கொதிநீர் ஊற்றிக் கொல்ல வேண்டும் என்பது அவர் போட்ட விதி. அவள் தலைகுனிந்தாள். "மனசு வரலம்மா. எம்பொண்ணுக்குச் சோறு போடுற உசுருங்க. பச்சத் தண்ணியில கைய விட்டு அலசி, போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டுத்தான் சுடுதண்ணி ஊத்துவேன்."

"நல்லவேளை, என் பேச்சைக் கேக்கல நீ" என்றார் அவர்.

அதுமுதல் அவள் கை நனைத்த தண்ணீரே மகளுக்கு மருந்து, அது ஒரு பிள்ளைக்குத்தான் போதும். அப்படியிருக்க, தொழிற்சாலை லாரி டிரைவர் அதே நோய் கொண்ட மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "தங்கச்சி, கேக்கக் கூடாதுதான்..." பாதி கொடுத்தால் இரண்டு பிள்ளைகளும் துடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். மகளைப் பார்த்தாள். "புள்ளைய எறக்குங்கண்ணே" என்றாள்.

மூன்று நாள் இரண்டு பிள்ளைகளும் துடித்தன. அவள் யாரையும் சபிக்கவில்லை. இரண்டு தலைகளையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் இடது கையும் இனித்தது.

இருபது வருடங்களாக அவள் கைக்குச் சோப்புப் போட்டதில்லை. மகள் அந்தக் கை நனைத்த தண்ணீரில் தன் டம்ளரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறாள். டிரைவர் மகன் சைக்கிளில் இருந்தபடியே ஒரு காலை ஊன்றிக் குடித்துவிட்டு, "வரேன் அத்தை" என்று கிளம்புகிறான்.