இருபதுக்குக் கீழே

கிடங்கு ஏணியிலிருந்து தம்பி தலைகுப்புற விழுந்து அன்று மூன்றாம் நாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்வை நேரம் பத்தே நிமிடம். டைல்ஸ் கடைக்காரர் உள்ளே வந்ததும் தன் தம்பியைப் பார்த்தார். அடுத்து தலைமாட்டுத் திரையைப் பார்த்தார். சரக்கைத் தட்டிப் பார்த்தே தரம் சொல்கிறவருக்கு அந்தத் திரை மட்டும் பிடிபடவில்லை.

"சிஸ்டர், விரல்ல மாட்டின கிளிப்பு ஆக்சிஜன் தொண்ணூத்தொம்பதுங்குது. கீழ ஒண்ணு இருபத்தாறுங்குது. ரெண்டுல எது பொய்?"

"ரெண்டும் நிஜம்தான் அண்ணே. விரல்ல இருக்கிறது வண்டியில எவ்வளவு சரக்கு ஏறியிருக்குன்னு சொல்லும். மண்டையில துளை போட்டு மெல்லிசா ஒரு கம்பி விட்டிருக்கோம். அது மூளையில எவ்வளவு இறங்குச்சுன்னு சொல்லும். இருபதுக்குக் கீழ போனா மூளை தவிக்குதுன்னு அர்த்தம்."

"அட, நீ கடை வெச்சிருக்க வேண்டிய பொண்ணும்மா!"

நர்ஸ் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார். கடைக்காரர் பேச உட்கார்ந்தார். எதிராளியின் முகம் பார்க்காமல் அவருக்கு வாயே திறக்காது. தம்பியோ நினைவில்லாமல் கூரையைப் பார்த்துக் கிடந்தான். அவன் முகத்தை மெதுவாகத் தன் பக்கம் திருப்பி வைத்தார்.

"டேய், நீ இல்லாம ஒரு பயலும் ஒழுங்கா அடுக்க மாட்டேங்கறான்…"

இருபத்தாறு இருபத்திரண்டானது. பிறகு பதினெட்டு. பதினாறில் அலாரம் கத்தியது.

நர்ஸ் ஓடி வந்து மூச்சுக் குழாயைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்த்தார். "டாக்டரைக் கூப்பிடறேன்," என்றார். விரிசல் விழுந்த டைலைக்கூட டிசைன் என்று சாதித்துவிடும் வாய் கடைக்காரருடையது. அது இப்போது தானாகவே ஒப்புக்கொண்டது.

"சிஸ்டர்… மூஞ்சியைத் திருப்பினது நான்தான்."

நர்ஸ் சட்டென்று தம்பியின் தலையை நேராக்கினார். "கழுத்து திரும்பினா தலையிலேர்ந்து ரத்தம் வெளிய போற வழி நெருங்கிடும் அண்ணே. பழசு போகலைன்னா புதுசு எப்படி உள்ள வரும்?"

பதினாறு. மறுபடியும் பதினாறு. கொள்முதலில் எந்த எண்ணையும் கீழே இறக்கியே பழகியவர், "ஏறு, இன்னும் ஒண்ணு ஏறு," என்று முணுமுணுத்தார். பதினேழு. பத்தொன்பது. இருபத்துமூன்றில்தான் அவருக்கு மூச்சு வந்தது.

"நான் பேசினா அந்த எண்ணு ஏறுமா சிஸ்டர்?"

"தெரியாது அண்ணே. பேசிப் பாருங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. கையை மட்டும் பின்னால கட்டிக்குங்க."

கடைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்தார். தம்பிக்கும் கூரைக்கும் நடுவே கொக்குபோலக் கழுத்தை நீட்டினார். ஒரு கண்ணால் அவனையும் மறு கண்ணால் திரையையும் பார்த்தபடி, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்.