ஹம்தான் காட்டாத இடம்

"உங்கப்பா காட்டின இடத்துல அந்தப் பவளம் ஏன் இல்ல?" என்று போன மாதம் கடல் ஆராய்ச்சியாளர் டாக்டர் மிர்வத் கேட்டபோது, நஜ்லா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்று அந்த டாக்டர் நஜ்லாவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். விடியலில் இறந்த அப்பா ஹம்தானை மதியமே அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் திரும்பியிருந்தார்கள். நஜ்லா, பெண்கள் இருந்த அறைக்கு, துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரையில்லாத காப்பியைக் கொண்டுபோனாள்.

"பவளத்துக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைக்கிறவங்க வந்துட்டாங்க," என்றாள் அத்தை அதியாத், தணிந்த குரலில். "எங்க நஜ்லாவுக்கும் ஒண்ணு பாருங்க டாக்டரம்மா."

இரண்டு பேர் முக்காட்டுக்குள் சிரித்தார்கள்.

போன கோடையில் செங்கடல் சூடேறி, குசைர் ஊர்க் கரையோரப் பவளமெல்லாம் வெளுத்துப்போனது. அப்பா மட்டும் நிறம் மாறாத ஒரு கிளையை நீல வாளியில் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். சூடான தொட்டியிலும் அது வெளுக்கவில்லை. தாங்கும் குணம் அதன் மரபணுவிலேயே இருக்கிறது, கிளையை ஒடித்த தாய்ப் பவளத்தின் சினையை மற்றவற்றோடு கலந்தால் சூடு தாங்கும் குஞ்சுகளை வளர்க்கலாம் என்றார் டாக்டர். அது சினை விடுவது வருஷத்துக்கு ஒரு தடவை, இந்தப் பௌர்ணமியை ஒட்டி. இன்னும் நான்கு நாள்.

ஆனால் அப்பா காட்டியது வேறு இடம். உண்மையான இடத்தில் களவா மீன் மண்டிக் கிடக்கும். வெளியே தெரிந்தால் மீன்பிடிக்கத் தடை வரும். அண்ணன் ஃபத்ஹியின் பிழைப்பும் இனி அதில்தான். அப்பாவோடு படகில் போன நஜ்லாவுக்கு மட்டும் அந்த இடம் தெரியும்.

"எங்கண்ணன் ஹம்தான் வாயில ஒரு பொய் வந்ததில்ல," என்றாள் அத்தை. எல்லோரும் ஆமோதித்தார்கள். டாக்டரும் தலையாட்டினார்.

வகுப்பில் எழுந்து பதில் சொல்லப் பயந்தே எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நஜ்லா. தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்பா தப்பான இடத்தத்தான் காட்டினாரு," என்றாள். "கடல்ல நின்னு கரையப் பாத்தா, பாஸ்பேட் ஆலைப் புகைபோக்கியும் பள்ளிவாசல் மினாராவும் ஒண்ணா ஒட்டித் தெரியணும். அங்க, நாலு ஆள் ஆழத்துல."



"இன்னிக்காடி இதச் சொல்லணும்?" என்றாள் அத்தை.

அம்மா யாரையும் பார்க்காமல் எழுந்து உள்ளே போனாள். திரும்பியபோது கையில் நீல வாளி இருந்தது. அதன் கைப்பிடியில் அப்பா சுற்றிய தூண்டில் நரம்பு. வாசலில், டாக்டரின் செருப்புக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.

டாக்டர் காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். அம்மாவின் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பை மாட்டி, வாளியை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார்.