ஹாலுக்கு நடுவே ஓடிய கோடு

அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டப்போகும் வீட்டின் வரைபடம் வந்த அன்று பெரியவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அவள் மூத்த மருமகள். இப்போதிருக்கும் வாடகை வீட்டின் ஹாலில், ஜன்னலோரம் மெஷின் போட்டுத் துணி தைப்பவள். ஆண்கள் இருவரும் அந்தப் பெரிய தாளைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்து, இங்கே சமையலறை, இங்கே மாடிப்படி என்று விரலாலேயே வீட்டுக்குள் நடந்து காட்டினார்கள். அவள் கண் மட்டும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டது. புது ஹாலுக்கு நட்டநடுவே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரைக்கும், விட்டுவிட்டு ஒரு கோடு ஓடியது.

அவள் தொழிலில் முழுக்கோடு என்றால் கத்தரி போகும் வழி. விட்டுவிட்டு வரும் கோடு என்றால் தையல். தையல் ஓடுகிற இடத்தில் துணி இரண்டு. அப்படியானால் ஹாலும் இரண்டு!

"என்னங்க, இது என்ன கோடு?"

"என்ஜினியர் போட்டது. அவருக்குத் தெரியும்," என்று கணவர் தாளை மடித்தார்.

அந்தப் பதில் இன்னும் மோசம். தம்பி மனைவி சின்னவளைப் பார்த்தாள். அவள் காலி டம்ளர்களை அள்ளிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். யார் கேட்டு வாங்கிய பிரிவினை இது? நான் என்ன குறை வைத்தேன்? மறுநாள் காலை ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்தாள். பிரித்தாள். மறுபடியும் அதே தப்பு. எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், வாசலுக்குப் போனாள், வந்து உட்கார்ந்தாள். கடைசியில் நூல் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, வரைபடத்தைக் கைப்பையில் திணித்துக்கொண்டு என்ஜினியர் அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

என்ஜினியர் இல்லை. வரைபடம் போடுகிற பெண் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். தாளை விரித்ததும் சிரித்துவிட்டாள்.

"இது பீம், மேடம். தலைக்கு மேல போகுது. வீட்ட இடுப்புக்கு மேல குறுக்க ஒரு வெட்டு வெட்டி, மேல இருந்து எட்டிப் பாக்குற மாதிரிதான் பிளான் போடுவோம். வெட்டுப்படறதுக்குத் தடிக்கோடு. அதான் சுவர். அதுக்குக் கீழ தெரியுற படி, மேடை எல்லாம் மெல்லிசு. வெட்டுக்கு மேல இருக்கறத விட்டுவிட்டுப் போடுவோம்."

"அப்ப கோடும் புள்ளியுமா போகுதே, இது?"

"அது நடுக்கோடு. தூண் எங்க நிக்கணும்னு அளக்கறதுக்கு. கட்டினப்புறம் கண்ணுக்கே தெரியாது."

"அப்ப சுவர் இல்லையா?"

"சுவரே இல்ல."

பெரியவள் பறந்துகொண்டு வீடு வந்தாள், நூல் வாங்க மறந்து. துணி மடித்துக்கொண்டிருந்த சின்னவளிடம் மூச்சுவிடாமல் கொட்டினாள். "பைத்தியம் மாதிரி என்னென்னமோ நெனச்சிட்டேன்டி! நீதான் ஹாலுக்கு நடுவுல சுவர் கேட்டியோன்னு..."

சின்னவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன்க்கா. அவர்தான், அண்ணிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு வாய மூடிட்டார்."

பெரியவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவருக்கு எப்பவும் ராத்திரி ஷிஃப்ட். பகல்லதான் தூங்கணும். உங்க மெஷின் சத்தம், அளவு கொடுக்க வர்றவங்க பேச்சு... காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுப் புரண்டுக்கிட்டே கிடக்கிறார். போன வாரம் ஃபாக்டரியில கண் சொக்கி, கை மெஷினுக்குள்ள போகப் பாத்துது. உங்க பொழப்பு அது. நிறுத்துங்கன்னு நான் எப்படி சொல்வேன்?"

பெரியவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் மெஷின் தன் பாட்டுக்கு ஓடுகிறது என்றல்லவா நினைத்திருந்தாள்! கோபமா, வெட்கமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. எழுந்து ஹாலில் நடந்தாள். கொழுந்தன் படுத்திருக்கும் அறை வாசலில் தன் நடைச் சத்தமே காதில் விழ, சட்டென்று நின்றாள்.

"வாய்ல என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே? முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றாள் தாழ்ந்த குரலில். "கிளம்பு."

என்ஜினியர் அலுவலகத்தில் அந்தப் பெண் திரையில் பீமுக்கு நேர் கீழே ஒரு தடிக்கோடு இழுத்தாள். கண் சிமிட்டுவதற்குள் சுவர் எழும்பிவிட்டது. பெரியவள் திரைக்கு அருகே குனிந்தாள்.

"அதுல ஒரு கதவு வேணும்," என்றாள்.

"எந்தப் பக்கம் திறக்கணும்?"

"அக்கா பக்கம்," என்று சின்னவள் முந்திக்கொண்டாள்.

"அப்ப அந்த இடத்துல எதுவும் வைக்க முடியாதே."

"வைக்கல," என்றாள் பெரியவள்.

விஷயம் தெரிந்ததும் கணவர் குதித்தார். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை. தம்பி மட்டும் அண்ணி முகத்தைப் பார்க்கமுடியாமல் தலையைக் குனிந்துகொண்டே, "தேங்க்ஸ் அண்ணி," என்றான்.

புது வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம் பெரியவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதவுவரை போவாள், தட்டக் கையைத் தூக்குவாள், திரும்பி வருவாள். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஒரு மத்தியானம் கதவு மெல்லத் திறந்தது. சின்னவள் பூனைபோல் உள்ளே நுழைந்து, பின்னால் அதைச் சாத்தினாள்.

"நல்லா தூங்கறார்க்கா," என்றாள். "எனக்குத்தான் அங்க பேச ஆள் இல்லாம பைத்தியம் பிடிக்குது."