தகப்பன் பாத்திரம்

தல்லாகுளத்துக் குடியிருப்போர் சங்கக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை நாடக வாசிப்பு. வேஷம், ஒப்பனை எதுவும் கிடையாது. வரிசையாக உட்கார்ந்து தாளைப் பார்த்து வாசிப்பதுதான். கல்லூரி ஆசிரியை சத்யப்ரியா பழைய கிரேக்க நாடகம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். சாகவேண்டிய ராஜாவுக்குப் பதிலாக வேறு யாராவது உயிரைக் கொடுத்தால் அவன் பிழைத்துக்கொள்வான். பெற்ற தகப்பன் மறுத்துவிடுகிறான். மனைவி முன்வந்து சாகிறாள்.

தகப்பனாக வாசிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற வெள்ளைத்துரைக்கு நல்ல குரல் என்று அவர் கையில் தாளைத் திணித்துவிட்டார்கள். கதை இன்னதென்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. முதல் காட்சி பாதி ஓடியபோதுதான் விளங்கியது.

எதிரே இரண்டாம் வரிசையில் மகன் சிவக்குமாரும் மருமகள் மீனாவும் இருந்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் சிவக்குமாரின் சிறுநீரகங்கள் செயலிழந்தபோது, தகப்பனுடையது பொருந்தும் என்றார் டாக்டர். அடுத்த பரிசோதனைக்கு வெள்ளைத்துரை போகவில்லை. போனை அணைத்துவிட்டு உசிலம்பட்டியில் தங்கை வீட்டில் பத்து நாள் கிடந்தார். திரும்பியபோது, தன்னுடையதைக் கொடுக்க மீனா ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். அவர் ஒளிந்துகொண்டதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் முறை வந்தது. மகனோடு மல்லுக்கு நிற்கிற வசனம். ராஜாவாக வாசித்த மருது எகிறி எகிறிக் கேட்டான். வெள்ளைத்துரைக்குக் கோபம் வரவில்லை. பெற்று வளர்த்ததற்கு மேல் என்ன கேட்கிறாய் என்ற வரி அவர் வாயில் கெஞ்சலாக வந்தது. நடுவில் இரண்டு முறை நின்றார். தலை நிமிராமல் முடித்தார்.

வாசிப்பு முடிந்து பேச்சு தொடங்கியதும் முன்வரிசை ஆள் ஒருவர், "அவனெல்லாம் ஒரு அப்பனா?" என்றார். சிலர் சிரித்தார்கள்.

மீனா எழுந்தாள்.

"அண்ணே, நான் எங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி கொடுத்தவ. எல்லாரும் என்னையச் சாமி மாதிரி பேசுறாக. கையெழுத்துப் போட்டுட்டு ஆஸ்பத்திரி பாத்ரூமுக்குள்ள போயி அம்புட்டு அழுதேன். எங்கிட்டாவது ஓடிப்போயிருவமான்னு இருந்துச்சு. பயந்தவுகளை வையாதீக."

சிவக்குமார் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவனிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை.

வெள்ளைத்துரை யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். பின்னாலேயே மகன் வந்தான்.

"சிவா... அன்னைக்கு உங்க அத்தை வீட்டுக்குப் போனது வேற எதுக்கும் இல்லடா. பயந்துட்டேன்."

"தெரியும்ப்பா. கோவமாத்தான் இருந்தேன். இப்பவும் கொஞ்சம் இருக்கு" என்றான்.

"இருக்கட்டும்டா."

மீனா வந்து சேர்ந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமா, நீங்க அவுக கூட வண்டில வாங்க. நான் கடைக்குப் போயிட்டு ஆட்டோவுல வாரேன்."

மறுத்துப் பேச அவள் இடம் வைக்கவில்லை. வெள்ளைத்துரை வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தார்.

"வழியில வேகத்தடை நிறைய இருக்குப்பா, பிடிச்சுக்கங்க" என்றான் சிவக்குமார்.

அவர் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.