இருமல் இல்லாத தெரு

மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை, தண்ணீர்த் தொட்டித் தெருவில் டெய்லரக்கா வீட்டு முன்னறையில் இருந்த மர அலமாரி இருமியது. இரண்டு முறை சிறிதாகவும், ஒரு முறை நெஞ்சைப் பிடுங்கிக்கொண்டு வருவது போலவும் இருமிவிட்டு ஓய்ந்தது. டெய்லரக்கா அப்போது ஒரு பள்ளிச் சீருடைச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஊசியை நிறுத்தி அலமாரியைப் பார்த்தாள். எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே தைத்து மடித்துவைத்த துணிகள் வைத்தபடியே இருந்தன. கதவைச் சாத்திவிட்டு வந்து காஜாவை முடித்தாள். மாலைக்குள் பக்கத்து வீட்டு இரும்பு பீரோவும், எதிர்வீட்டுக் கண்ணாடி ஷோகேஸும் இருமியதாகத் தெரிந்தது. தெருவில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர் வராத நாள்தான் அங்கே செய்தி.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, குறிப்பிட்ட ஆண்டுக்குள் நாட்டில் காசநோயே இருக்கக் கூடாது என்று அரசாங்கம் ஓர் இலக்கு வைத்திருந்தது. தலைநகரில் அது பெரிய இலக்காக இருந்தது. மாவட்டத்துக்கு வந்தபோது துண்டுகளாகி, வட்டத்துக்கு வந்தபோது இன்னும் சின்னத் துண்டுகளாகி, தெருவுக்கு வந்து சேர்ந்தபோது 'இருமல் இல்லாத தெரு' என்று எழுதிய ஒரு நீலநிறத் தகரப் பலகையாக இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டச் சுகாதார அதிகாரியும் நர்ஸும் வந்து தெருமுனை வாசகசாலையில் ஆட்களைக் கூட்டி, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்பார்கள். தொடர்ந்து மூன்று கூட்டங்களில் ஒரு கையும் எழும்பாத தெருவுக்குப் பலகை. பின்தெருவில் ஒரு பால்காரர் மூன்றாவது கூட்டத்தில் கையைத் தூக்கித் தொலைத்தார். அவருக்கு மருந்து கிடைத்தது, குணமும் ஆனது. ஆனால் அவருடைய சொந்த மைத்துனனே ஒரு வருடம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

தண்ணீர்த் தொட்டித் தெருவின் சுகாதாரக் குழுவுக்கு டெய்லரக்காவைத் தலைவியாக்கினார்கள். தெருவில் அவள் அளவெடுக்காத உடம்பு கிடையாது, அவள் பேச்சைத் தட்டுகிற வீடும் கிடையாது. தலைமை ஏற்ற பிறகு அவள் செய்த முதல் வேலை, இருமலை முழுங்கக் கற்றுக்கொடுத்தது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்ட வேண்டும், எச்சிலை விழுங்க வேண்டும், மூக்கு வழியாக மெல்ல மூச்சை விட வேண்டும். அவள் அதைத் தப்பாக நினைத்துச் செய்யவில்லை. தூசிக்கும் பனிக்கும் வருகிற ஒரு லொக்குக்காகத் தெருவின் மானம் போக வேண்டுமா என்பதுதான் அவள் கணக்கு. தெரு சீக்கிரமே தேர்ந்துவிட்டது. "ரைட்டு" என்று எல்லோரும் கூப்பிடுகிற ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிறுத்துவார், கண்ணில் நீர் முட்டும், தொண்டை ஒரு முறை ஏறி இறங்கும், பிறகு விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார். குழந்தைகள்கூடப் பழகிவிட்டன. பலகை வந்தது. அதை மாட்டியபோது அதிகாரி எல்லோரோடும் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

விழுங்கிய இருமல்கள் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். அவை அலமாரிகளுக்குப் போயின. தச்சரை அழைத்து வந்து காட்டினார்கள். அவர் பலகை பலகையாகத் தட்டிப் பார்த்து, இடுக்கில் காதை வைத்துக் கேட்டு, "மரத்துல கோளாறு ஒண்ணும் இல்லக்கா. இருமல்தான் யாரோடதோ" என்று சொல்லிவிட்டு உளியைப் பைக்குள் போட்டார். தெரு அதற்குத் தக்கபடி நடந்துகொண்டது. ஒருத்தி பீரோவின் கீல்களில் தைலம் தடவினாள். ஒருத்தி ஷோகேஸுக்குள் தினமும் ஒரு தம்ளர் வெந்நீர் வைத்தாள். கூட்ட நாட்களில் ரொம்ப இருமுகிற சாமான்களைக் கொல்லைப்புறத்துக்கு நகர்த்திச் சாக்குப் போட்டு மூடினார்கள். ஒரு முறை சாக்கையும் மீறிச் சத்தம் வந்தபோது அதிகாரி பேச்சை நிறுத்தினார்.

"என்னங்க சத்தம் அது?"

"பஸ்ஸு சார்" என்றார் ரைட்டு. "காலையில ஸ்டார்ட் ஆவாது. நாலு தடவ இப்படித்தான் முக்கும்."

அந்தத் தெருவுக்குள் பஸ் வந்ததே இல்லை. அதிகாரி தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

மழைக்காலம் முடிந்தபோது அலமாரிகள் இளைக்கத் தொடங்கின. டெய்லரக்காவின் அலமாரியை நான்கு ஆட்கள் முக்கி முனகித்தான் வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தார்கள். இப்போது பெருக்கும்போது இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினால் நகர்ந்தது. சாயங்காலமானால் அதன் பலகை கதகதவென்று சூடாகும். பிறகு வியர்த்து, தைத்துவைத்த துணியெல்லாம் ஈரமாகும். அவள் துணிகளைக் கொடியில் போட்டு உலர்த்தி, மறுபடி இஸ்திரி போட்டு அடுக்கினாள்.

அவளோடு கூடப் பிறந்த தங்கை அந்த வீட்டில்தான் இருந்தாள். ரொட்டிக்கடையில் மாவு பிசைகிற வேலை. விடியும் முன் போய் மதியம் திரும்புவாள். தங்கையின் ரவிக்கையை டெய்லரக்கா அந்த வருடம் இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். மூன்றாம் தடவை பிடிப்பதற்குத் தையலுக்குள் இடம் இல்லை. வேலை கடுமை, வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு புதிதாகவே ஒன்று வெட்டினாள், சின்ன அளவில். ஒரு வெள்ளிக்கிழமை அலமாரியைத் திறந்தபோது, மேலே இருந்த வெள்ளைத் துணியில் பொட்டு அளவுக்கு ரத்தம் இருந்தது. தங்கை வேலை முடிந்து வரும்வரை அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது உன்னோடதாடி?"

தங்கை செருப்பைக் கழற்றிவிட்டுத் துணியைப் பார்த்தாள். "ஆமா."

"எத்தன நாளா?"

"தெரியலக்கா. ரத்தம் இப்பதான் வருது போல. எனக்கு வாயில ஒண்ணும் வரல, எல்லாம் அங்கதான போவுது."

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?"

"நீதானக்கா முழுங்கச் சொன்ன" என்றாள் தங்கை. சண்டைக்குச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாசலிலிருந்து உள்ளே வந்ததற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

வெல்டிங் பட்டறையிலிருந்து வந்த டெய்லரக்காவின் கணவன், கையைக் கழுவிக்கொண்டே யோசனை சொன்னான். "ரெண்டு ஸ்டேஷன் தள்ளிப் போய்க் காட்டிட்டு வந்துரலாம். இங்க ஒரு ஈ காக்காவுக்குத் தெரிய வேணாம். நீ தலைவி வேற." டெய்லரக்கா நர்ஸைப் பார்க்கப் போனாள். நர்ஸ் நல்ல மாதிரி. கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டாள். "சளி டெஸ்ட் உடனே எடுக்கணும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வர்ற வியாழக்கிழமை இந்த வட்டத்துலயே டிபி இல்லன்னு அறிவிக்கப் போறாங்க. உங்க தெருவுலதான் விழா. இப்ப போய் நான் ஒண்ண எழுதினா எல்லாரும் என் தலையில ஏறுவாங்க. வெள்ளிக்கிழம காலையில முதல் ஆளா கூட்டிட்டு வாங்க, நானே எடுத்துத் தர்றேன். ஒரு வாரம்தானக்கா." டெய்லரக்காவும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

ஆனால் தங்கை புதன்கிழமை ரொட்டிக்கடைக்குப் போகவில்லை. வியாழக்கிழமை காலை படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. முன்னறையில் அலமாரி இடைவிடாமல் இருமிக்கொண்டிருந்தது. தெருமுனையில் ஒலிபெருக்கியைச் சோதிக்கிற சத்தம் கேட்டது. டெய்லரக்கா முடியை அள்ளி முடிந்தாள், அலமாரியைக் குடம் மாதிரித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. அலமாரி அவளைவிட ஒரு முழம் உயரம். வழியில் யாரும் கைகொடுக்க வரவில்லை, தேவைப்படவும் இல்லை. ரைட்டு மட்டும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

"எங்கம்மா தூக்கிட்டுப் போற?"

"ஆஸ்பத்திரிக்கு."

"அது அந்தப் பக்கம்."

"தெரியும். ஆஸ்பத்திரிக்காரங்க இந்தப் பக்கம் இருக்காங்க."

அதிகாரி மேடையில் காகிதத்தைப் பார்த்து, வட்டத்தின் சாதனையை வாசித்துக்கொண்டிருந்தார். அவள் அலமாரியை மைக்குக்கு முன்னால் இறக்கிவைத்துக் கதவைத் திறந்தாள். அது ஒரு முறை இருமியது, ஒலிபெருக்கி வழியாகத் தெரு முழுக்கக் கேட்டது. "இது என் தங்கச்சி இருமல்" என்றாள் டெய்லரக்கா. "நான்தான் முழுங்கச் சொன்னேன். உங்க எல்லாருக்கும் நான்தான் சொன்னேன்." அவள் பேசி முடிக்கும் முன்பே கொல்லைப்புறங்களில் சாக்குக்கு அடியில் கிடந்த பீரோக்களும் ஷோகேஸ்களும் பதிலுக்கு இருமத் தொடங்கின. சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்க முடிந்தது. "அது எங்க மாமனார்", "இது நம்ம சின்னவன்டா" என்று ஜனங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ரைட்டு தன்னுடையது கேட்டபோது மெல்லச் சிரித்து, "பஸ்ஸு வந்துருச்சு" என்றார். பிறகு இருமல்கள் ஒவ்வொன்றாகச் சாமான்களை விட்டு உரியவர்களிடம் திரும்பின. நண்பகல்வரை தெரு முழுக்க உட்கார்ந்து இருமியது. அதிகாரிக்கும் ஓர் இருமல் வந்தது. அது அவருடைய அலுவலக மேசையிலிருந்து எட்டு மைல் கடந்து வந்திருந்தது.

அன்று மாலையே தங்கையை மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுநாள் விடியற்காலை நர்ஸ் மூடி போட்ட சின்ன டப்பாக்களோடு வீடு வீடாக வந்தாள். பெரும்பாலோருக்கு வெறும் சளி. பதினொரு பேருக்கு நோய் இருந்தது. அவர்களில் ரைட்டு ஒருவர், ரொட்டிக்கடை முதலாளி ஒருவர், அதிகாரி ஒருவர். பலகையை அதிகாரியே ஆள் அனுப்பிக் கழற்றச் சொன்னார். தெரு கொஞ்ச நாள் டெய்லரக்காவிடம் துணி கொடுக்கவில்லை. பிறகு மாத்திரை நாட்கள் தொடங்கின. காலையில் அவள் வாசலிலேயே எல்லோரும் மாத்திரை போட்டுக்கொண்டார்கள், யாராவது வராவிட்டால் அவள் போய் நின்றாள். மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. முதல் வாரம் பயந்தார்கள், அடுத்த வாரம் யாருடையது நல்ல நிறம் என்று கிண்டலடித்தார்கள். ரைட்டுக்கு நோய் முற்றியிருந்தது. மூன்றாம் மாதம் இறந்துபோனார். அடக்கத்துக்கு வேண்டிய புது வெள்ளைச் சட்டையை டெய்லரக்கா தைத்தாள். அளவு அவளிடம் இருந்தது. அதைப் பார்க்காமல், போய் அவர் உடம்பில் புதிதாக அளவெடுத்துத் தைத்தாள்.

தங்கைக்கு ஆறு மாதத்தில் முடிய வேண்டிய மருந்து ஒன்பது மாதம் நீண்டது. ஒரு நுரையீரலின் மேல்பகுதி பழையபடி ஆகாது என்று டாக்டர் சொன்னார், மாடிப்படி ஏறினால் அவளுக்கு இப்போதும் மூச்சு வாங்குகிறது. ரவிக்கைத் தையலை அக்கா இரண்டு தடவை பிரித்துவிட்டாள். மாவு பிசைகிற வேலைக்குப் பதிலாக அவள் ரொட்டிக்கடைக் கல்லாவில் உட்காருகிறாள். அந்த ஆண்டு மாவட்டத்திலேயே அதிக நோயாளிகளைக் காட்டிய வட்டம் என்று விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அதிகாரி, கண்டுபிடித்தோம், அதனால் காட்டினோம் என்று பதில் எழுதினார். தேசிய இலக்கு ஐந்து ஆண்டு தள்ளிவைக்கப்பட்டது. அந்த வட்டத்தில் இப்போது சுகாதாரப் பணியாளர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், ஆட்களிடம் கேட்பதற்கு முன்பு பீரோவில் காதை வைத்துக் கேட்கிறார்கள். வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் குறைத்து வைக்கிறார்கள்.