காலி வீட்டில் விசில்

கடலோரத் தெருவில் எல்லோருமாகப் பேசி வைத்த ஏற்பாடு அது. புயல் எச்சரிக்கை வந்து வீட்டைக் காலி செய்கிறவர்கள், வாசல் கதவில் மஞ்சள் துணி கட்டிவிட்டுப் போக வேண்டும். துணி தெரிந்தால் உள்ளே ஆளில்லை, தட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று அர்த்தம். துணிகளைத் தைத்துக் கொடுத்தவள் தையல்காரி. அதனாலேயே தெருவைச் சரிபார்க்கும் பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது.

போன முறை புயல் திசை மாறிப் போய்விட்டது. அவள் பேச்சைக் கேட்டுப் பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டுத் திரும்பிய தெரு அவளைப் 'புலிவருது' என்றே கூப்பிட ஆரம்பித்தது. அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் இன்று கதவு கதவாகத் தட்டும்போது, புயல் வராமல் போகட்டும் என்று முழு மனதாக வேண்ட முடியவில்லை. சொன்னது பலிக்க வேண்டும் என்ற ஆசைக்கு இவ்வளவு வலு இருக்குமா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

மதியத்துக்குள் தெரு மஞ்சளாகிவிட்டது. கடைசி வீடு அவளுடைய ஓரகத்தியுடையது. கணவனை இழந்து தனியாக இருப்பவள். அந்தக் கதவிலும் துணி ஆடியது. நிம்மதியோடு திரும்பியபோது உள்ளே குக்கர் விசிலடித்தது.

பின்வாசல் வழியாக ஓடினாள். வாசலில் துணியைக் கட்டிவிட்டு, ஓரகத்தி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். விசில் மட்டும் வராதிருந்தால், இனி யாரும் இங்கே வந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

"உங்க வீட்டுக்கு விசிலடிக்கத் தெரியும்னு சொல்லவே இல்லையேக்கா."

"நான் வரலை. நீ போ."

முதலில் சுவர் உறுதியானது என்றாள். பிறகு இடுப்பு வலி என்றாள். கடைசியில், அடுப்பைப் பார்த்தபடியே உண்மையைச் சொன்னாள். போன முறை பள்ளிக்கூடத்தில் அவள் விட்ட குறட்டைக்குக் கூடமே விழித்துக்கொண்டதாம். குழாயடியில் இன்றும் அவளுக்கு 'லாரி' என்று பெயர்.

கேலிக்குப் பயந்து ஒருத்தி கடலோடு இருக்கத் துணிவாளா? 'புலிவருது' என்ற பெயரைச் சுமந்திராவிட்டால் தையல்காரி நம்பியிருக்க மாட்டாள்.

"காத்து அடிக்கிற அடியில உங்க குறட்டை யாருக்குக்கா கேக்கப்போகுது?"

"காத்து நின்னதுக்கப்புறம்?"

"அப்ப எல்லாரும் உயிரோட இருப்போம். கேட்டுட்டுப் போறாங்க."

ஓரகத்தி அடுப்பை அணைத்தாள். குக்கரைச் சூடு ஆறுமுன்பே துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டாள். தன் வீட்டு வாசலில் தையல்காரி நின்று, ஒரு துணியை அவளிடம் நீட்டினாள்.

"இத நீங்க கட்டுங்க. இனிமே அவங்கவங்க வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரங்கதான் உள்ள பாத்துட்டுக் கட்டணும்."

புயல் வந்தது. பள்ளிக்கூட ஜன்னல்கள் அதிர்ந்தன. சொன்னது பலித்ததில் தனக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை என்பதைக் கண்டு தையல்காரிக்கு ஆறுதலாக இருந்தது.

கடைசி வீட்டில் ஜன்னல் வரை கடல் ஏறி இறங்கிய செய்தி பிறகுதான் வந்தது. அதற்கு முன், விடியும் நேரத்தில், தூங்காமல் கிடந்த கூடத்தில் வேறொரு சத்தம் எல்லோருக்கும் கேட்டது. தடங்கலில்லாத, நீளமான குறட்டை.

மீன்கடைக்காரி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"காத்து நின்னுடுச்சு. லாரி சத்தம் கேக்குது பாருங்க."

கூடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது, தூங்குகிறவளை எழுப்பிவிடாதபடி.