கடைசியாக விழுந்தவள்

மூன்று சிங்களவர்கள் மலையேறி வருகிறார்கள் என்று மேல் வரிசையில் நின்ற ராக்காயி அக்கா சொன்னதுமே, யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. தலையைத் தூக்காமல் தேயிலைக் கொழுந்து பறித்தேன். நேற்று லயத்தில் என் வீட்டுக்கு வந்தவர்கள்தான். வாசலில் நிற்க வைத்தே பேசி அனுப்பினேன். எங்கள் வீட்டுக்கு வந்த யாரும் தேத்தண்ணி குடிக்காமல் திரும்பியதில்லை. இவர்கள் திரும்பினார்கள்.

என் அண்ணன் கஜேந்திரனோடு இலங்கைப் பட்டாளத்தில் இருந்தவர்களாம். நோட்டன் பிரிட்ஜ் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் ஒரு கூரை போட்டு, அதில் அவன் பெயரை எழுதப் போகிறார்களாம். குடும்பத்தில் மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்தி. நான் சரி என்று சொல்ல வேண்டுமாம்.

எப்படிச் சொல்வேன்? கொழும்பில் கடை வேலை என்று சொல்லிவிட்டுப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தவன் அவன். லீவில் வந்தால் பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு விசிலடித்தபடி படியேறுவான். இரண்டாயிரத்து ஒன்பதில், வடக்கே சண்டை முடிகிற சமயம், சீல் வைத்த பெட்டியில் வந்தான். திறக்கக் கூடாது என்றார்கள். எப்படிச் செத்தான் என்று கேட்டால், கடமையின்போது என்று ஒரே வரி. அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். தமிழன்தானே என்று இவனை முன்னால் தள்ளிவிட்டு, மற்றவர்கள் பிழைத்திருக்கிறார்கள். பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. அழுகை வரும்போதெல்லாம் அந்தக் கோபத்தைத்தான் எடுத்துப் போர்த்திக்கொள்வேன்.

"தங்கச்சி," என்றார் முன்னால் வந்தவர். பெயர் ஜயசிரி என்று நேற்றே சொல்லியிருந்தார். மற்ற இருவருக்கும் தமிழே தெரியாது. "கஜாவுக்குக் குளவி கொட்டுன மலை இதா?"

என் கை நின்றுவிட்டது. அது எங்கள் வீட்டுக் கதை. அப்போது எனக்கு ஒன்பது வயது, அவனுக்குப் பன்னிரண்டு. அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்தபோது குளவிக்கூடு கலைந்துவிட்டது. "குளவி!" என்று கத்திக்கொண்டே என்னைத் தேயிலைச் செடிக்கு அடியில் தள்ளி, மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டான். எனக்கு ஒரு கொட்டுகூட இல்லை. அவன் டிக்கோயா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தான். முகம் பணியாரம் மாதிரி உப்பிப்போய்க் கண்ணே தெரியவில்லை. "மாப்பிள்ளைக் களை வந்திருச்சு," என்று கேலி செய்தேன். வீங்கிய வாயோடு சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் கேட்க என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

ஜயசிரி பேசியது அண்ணனிடம் கற்றுக்கொண்ட தமிழ். எங்கள் லயத்துத் தமிழேதான். அது வேறு எனக்கு எரிச்சலாக இருந்தது. முகாமில் அண்ணன் இந்தக் கதையை ஓயாமல் சொல்வானாம். பிறகு அதையே விளையாட்டாக்கிவிட்டானாம். நேரம் காலம் இல்லாமல் "குளவி!" என்று கத்துவான். எல்லோரும் குப்புற விழ வேண்டும்.

"கடைசியா விழுறவன் தேத்தண்ணி ஊத்தணும். அதுதான் கஜா போட்ட சட்டம்," என்றார். "அன்னைக்கும் கத்துனான், தங்கச்சி. நாங்க விழுந்தோம். அப்புறந்தான் கைக்குண்டு வந்ததே தெரிஞ்சுச்சு. கஜா அது மேல கவுந்து கெடந்தான்."

"நல்லா கதை கட்டுறீங்க," என்றேன். "முன்னால தள்ளிவிட்டுட்டு இப்ப பேர் எழுத வந்துட்டீங்க. போங்க!"

நிரையில் நின்ற பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஜயசிரி மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். நாலு எட்டு வைத்திருப்பார்கள். மேலே இருந்து ராக்காயி அக்கா அலறினாள்.

"குளவி!"

பெண்கள் செடிகளுக்கு அடியில் புகுந்தார்கள். நான் அந்த மூன்று பேரைத்தான் பார்த்தேன். வெள்ளைச் சட்டையோடு சேற்றில் குப்புறக் கிடந்தார்கள். முகம் மண்ணில், கைகள் தலைக்கு மேல். தமிழ் தெரியாத அந்த இருவரும்கூட. யாரும் அவர்களுக்கு அர்த்தம் சொல்லவில்லை, யோசிக்க நேரமும் இல்லை. என் அண்ணன் பழக்கிவிட்ட உடம்புகள் அவை.

மலையில் நின்றுகொண்டிருந்தது நான் மட்டும்தான். அதற்குப் பிறகே விழுந்தேன். செடிக்கு அடியில் அதே ஈரமண் வாசம். முதுகின் மேல் மட்டும் அவன் இல்லை. அவனை யாரும் தள்ளவில்லை. என்னை மூடிய மாதிரியே அவர்களையும் மூடியிருக்கிறான். இத்தனை வருடத்துக்கும் சேர்த்து அழுதேன்.

குளவிகள் காட்டுப் பக்கம் போய்விட்டன. யாரையும் கொட்டவில்லை. எழுந்து உட்கார்ந்தபோது, அந்த இருவரில் ஒருவர் ஜயசிரியிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டுவிட்டு, என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என்னா கேக்குறாரு?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. பழக்கம்." ஜயசிரி தயங்கினார். "யாரு கடைசின்னு கேக்குறான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"நாந்தான் கடைசி," என்றேன். "வீட்டுக்கு வாங்க. தேத்தண்ணி ஊத்துறேன்."